ஸ்டென்ட் வச்சாச்சு, இனி மாத்திரை எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு

கேள்வி: அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சு நாலு மாசம் ஆகுது. இப்போ வலியே இல்ல, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 62னு வந்திருக்கு. மாத்திரையைக் குறைக்கலாமா? பல் ஒண்ணு எடுக்கணும், அதுக்காகவாவது பிளட் தின்னரை அஞ்சு நாள் நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீங்க, நீங்களா முடிவு பண்ணி ஒரு நாள்கூட வேண்டாம். ஸ்டென்ட்ங்கற கம்பிவலைக் குழாய், ஏற்கெனவே அடைச்சிருந்த ஒரு இடத்தைத்தான் திறந்து விட்டிருக்கு, மத்த ரத்தக்குழாய்ல படிஞ்ச கொழுப்பு அப்படியேதான் இருக்கு, அதைப் பாத்துக்கிறது மாத்திரைதான். அதுலயும் ஸ்டென்ட்ங்கறது உடம்புக்கு வெளிப்பொருள், அது மேல ரத்தக்குழாயோட உள்தோல் வளர்ந்து மூட பல மாசம் ஆகும், அதுவரைக்கும் அந்தக் கம்பி மேல ரத்தம் உறைஞ்சு திடீர்னு அடைக்கிற ஆபத்து இருந்துட்டே இருக்கும். அப்படி அடைச்சா அது இன்னொரு அட்டாக், உயிருக்கே ஆபத்தாகலாம். அட்டாக் வந்தவங்களுக்கு, ரத்தம் உறையாம தடுக்கிற பிளட் தின்னரா, ஆஸ்பிரினோட குளோபிடோக்ரலோ டிகாக்ரெலாரோ சேத்து சாதாரணமா 12 மாசம் குடுக்குறது இதுக்குத்தான். ரத்தக்கசிவு ஆபத்து அதிகம் இருக்குறவங்களுக்கு டாக்டரே முன்னாடி குறைப்பார், அது வேற விஷயம். அப்புறமும் ஒரு மாத்திரை பெரும்பாலும் ஆயுசுக்கும் தொடரும்.

பல் விஷயம். ஒரு பல் எடுக்க பெரும்பாலும் இந்த ரெண்டு பிளட் தின்னரையும் நிறுத்தாமலே எடுத்துடலாம், ரத்தம் கொஞ்சம் கூட நேரம் வரும், பஞ்சு வச்சு அழுத்தி, தேவைப்பட்டா தையல் போட்டு நிறுத்திடுவாங்க. அவசரம் இல்லன்னா தள்ளியும் போடலாம். பல் டாக்டரையும் ஹார்ட் டாக்டரையும் நேரா பேச வைங்க, நடுவுல நீங்க தூது போக வேண்டாம். இன்னொண்ணு, பல்வலிக்குன்னு ஐபுப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீங்க, ரத்தக்கசிவைக் கூட்டும், ஐபுப்ரூஃபென் ஆஸ்பிரினோட வேலையையே கெடுத்துடும். பாரசிட்டமால் போதும்.

62 நல்ல நம்பர்தான், ஆனா அது ஸ்டாட்டின்ங்கற கொழுப்பு மாத்திரை போட்டு வந்த 62, நிறுத்தினா சில வாரத்துல பழைய இடத்துக்கே ஏறிடும். அட்டாக் வந்தவங்களுக்கு 55க்குக் கீழ வேணும்னு ஐரோப்பிய வழிகாட்டுதலே சொல்லுது, அதனால டாக்டர் டோஸைக் கூட்டினாலும் ஆச்சரியப்படாதீங்க. ஸ்டாட்டினால தசைவலி இருந்தா சொல்லுங்க, டோஸோ மருந்தோ மாத்தலாம்.

சிகரெட் இருந்தா அது மட்டும் இன்னைக்கே நிக்கணும்.

நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை குடுத்திருந்தா அது கைக்கு எட்டுற இடத்துல இருக்கட்டும், நெஞ்சு இறுக்கினா உக்காந்துட்டு ஒண்ணு வைக்கணும், அஞ்சு நிமிஷத்துல குறையலன்னா உடனே ஆம்புலன்ஸ், கேஸா இருக்கும்னு காத்திருக்கக் கூடாது. ஆண்மைக் குறைவுக்குப் போடுற மாத்திரைகள்ல, சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரம், டடாலாஃபில்னா 48 மணி நேரம் ஆகுற வரைக்கும் இந்த மாத்திரையை வைக்கக் கூடாது, பிரஷர் அபாயமா இறங்கிடும். இதைக் கேக்க கூச்சப்பட்டு பலரும் டாக்டர்கிட்ட சொல்றதே இல்ல, அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க.