லோன் கட்டி முடிச்சும் சிபில்ல இன்னும் 'ஆக்டிவ்'னு காட்டுதா?

பெங்களூரு அல்சூர்லேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "பர்சனல் லோனை போன மாசம் 18ஆம் தேதி முழுசா கட்டிட்டேன், பாக்கி இல்லன்னு பேங்க் தர்ற என்ஓசியும் வாங்கிட்டேன். இன்னிக்கு 7ஆம் தேதி, நம்ம கடன் விவரமெல்லாம் பதிவாகற சிபில்ல இன்னும் ஆக்டிவ்னே இருக்கு, ஹோம் லோன் ஃபைல் நிக்குது. சிவாஜிநகர்ல ஒரு ஏஜென்ட் 6,000 ரூபா கொடுத்தா ஒரே வாரத்துல மாத்தித் தர்றேங்கறார். கொடுக்கலாமா?"

தம்பி, ஒரு பைசா கொடுக்காதீங்க. 2025 ஜனவரி 1லேர்ந்து ரிசர்வ் பேங்க் வச்சிருக்கற கணக்கு இதுதான்: மாசத்துல 15ஆம் தேதி, கடைசி தேதி, இந்த ரெண்டு நாள் நிலவரத்தை பேங்க் 7 நாளுக்குள்ள அனுப்பணும், வந்ததை சிபில்காரங்க 5 நாளுக்குள்ள ஏத்தணும். நீங்க கட்டினது 18, அப்போ மாசக் கடைசி கணக்குலதான் வரும், அதோட 7ம் 5ம் கூட்டுங்க, இந்த மாசம் 12ஆம் தேதி வாக்குல தானாவே மாறிடணும். அந்த ஏஜென்ட் சொல்ற "ஒரே வாரம்" எதுன்னு புரியுதா? தானா நடக்கப்போறதுக்குத்தான் 6,000 கேக்கறார். அதுக்கு மேல உங்க பான் நம்பர், ஓடிபி எல்லாம் கேப்பார், அதை வச்சு உங்க பேர்ல வேற எங்கயாவது லோனுக்கு அப்ளை பண்ணிட்டா லோன் கேட்டதா ஒரு பதிவு, என்கொயரின்னு சொல்வாங்க, அதுவும் உங்க ரிப்போர்ட்லதான் ஏறும், நான் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு கொடுக்காதீங்க.

ரிப்போர்ட்ல அந்த லோனுக்கு நேரா 'டேட் ரிப்போர்ட்டட்'னு ஒரு தேதி இருக்கும், அதைப் பாருங்க. 18க்கு முந்தின தேதின்னா உங்க க்ளோஷர் இன்னும் போய்ச் சேரல, அவ்ளோதான்.

12 தாண்டியும் மாறலன்னா சிபில் சைட்லயே நீங்களே டிஸ்ப்யூட், அதாவது 'இந்த விவரம் தப்பு'ன்னு புகார் போடுங்க, ஃப்ரீ. 30 நாளுக்குள்ள தீக்கலன்னா அதுக்கப்புறம் நாளுக்கு 100 ரூபா உங்களுக்குத் தரணும். இஎம்ஐ ஒரு நாள் லேட்டானா அபராதம் போடத் தெரியுது, கட்டி முடிச்சதைச் சொல்ல மட்டும் இவ்ளோ நாளா?

ஒண்ணு மட்டும் செக் பண்ணுங்க. முழுசா கட்டினீங்களா, இல்ல பேங்க்ல பேசிக் குறைச்சுக் கட்டினீங்களா? குறைச்சிருந்தா 'செட்டில்டு'னு வரும், 'க்ளோஸ்டு'னு வராது, எத்தனை அப்டேட் ஆனாலும் அது தானா மாறாது, ஹோம் லோன்காரங்க கண்ணு முதல்ல அங்கதான் போகும். அப்படின்னா மீதியைக் கட்டி, க்ளோஸ்டுன்னு மாத்தி அனுப்பச் சொல்லி பேங்குக்கு எழுதிக் கேளுங்க. என்ஓசில "முழுத் தொகையும் வந்தது"ன்னு இருக்கா, ஒரு வரி விடாம படிங்க.

அதுவரைக்கும் என்ஓசியையும் லோன் ஸ்டேட்மென்டையும் ஹோம் லோன் ஆஃபீசர்கிட்ட நாளைக்கே கொண்டுபோய்க் காட்டி, இதை வச்சு ஃபைலை நகர்த்த முடியுமான்னு கேட்டுப் பாருங்க.