அண்ணனிடம் நான்கு நாள் கேளுங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவை ஐந்து வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரவு அம்மா தூங்கியதும், சைக்கிளில் நாடு நாடாகச் சுற்றுகிறவர்களின் வீடியோக்களைப் பார்ப்பேன். டீச்சர், மெக்கானிக், ரிட்டயர்டு ஆன தாத்தா என்று எல்லோரும் சாதாரண மனிதர்கள். பிரமிப்பாக இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் அழுகை வந்துவிடுகிறது. பெங்களூரில் இருக்கும் அண்ணன், “வேலைவெட்டி இல்லாதவர்கள் செய்கிற காரியம் அது” என்கிறார். பார்ப்பதையே விட்டுவிடட்டுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: விட வேண்டாம். அண்ணன் சொல்வதைத்தான் விட வேண்டும். பிரத்யும்ன குமார் மகானந்தியா என்ற ஒடிசா ஓவியர் 1977-இல் டெல்லியிலிருந்து காதலியைத் தேடி ஸ்வீடனுக்கு சைக்கிளில் கிளம்பினார். வழியெல்லாம் ஆட்களை உட்காரவைத்துப் படம் வரைந்துதான் சாப்பாட்டுக்குச் சம்பாதித்தார். வேலைவெட்டி இல்லாதவரா அவர்?

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தவர் வேறொருவர். டெர்வ்லா மர்ஃபி என்ற பயண எழுத்தாளர், அயர்லாந்தில் லிஸ்மோர் என்ற சின்ன ஊர்க்காரர். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு அட்லஸும் கிடைத்தன. அடுத்த சில நாட்களில் ஒரு மேட்டில் மிதித்துக்கொண்டிருந்தபோது, இப்படியே மிதித்துக்கொண்டு போனால் இந்தியா வந்துவிடுமே என்று அந்தச் சிறுமிக்குத் தோன்றியிருக்கிறது. 14 வயதில் படிப்பு நின்றது. முடக்குவாதத்தில் கிடந்த அம்மாவைக் கவனிக்க வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. ஏறக்குறைய 16 வருடம் அப்படியே ஓடியது. 1961-இல் அப்பா இறந்தார், அடுத்த வருடம் அம்மா. 1963 ஜனவரியில், ஐரோப்பாவே பனியில் உறைந்து கிடந்தபோது, 31 வயதில் கிளம்பிவிட்டார். யுகோஸ்லாவியா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக ஜூலையில் டெல்லி. கியரெல்லாம் இந்தச் சாலைகளுக்குத் தாங்காது என்று முன்பே கழற்றிவிட்டிருந்தார். பனி அதிகமான இடத்தில் லாரியும் ஏறியிருக்கிறார். ஆப்கானிஸ்தானில் விலா எலும்பு முறிந்தது சைக்கிளிலிருந்து விழுந்தல்ல. பஸ்ஸில் போனபோது ஒரு தகராறில் துப்பாக்கிக் கட்டை பட்டு!

இதைப் பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. அம்மா போன பிறகு உனக்கும் ஒரு காலம் வரும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? அந்தக் கடைசி வருடங்கள் தன்னை எந்த அளவுக்கு நொறுக்கின என்று மர்ஃபியே எழுதியிருக்கிறார். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர் 31 வயதுவரை சும்மா காத்திருக்கவில்லை. 1951-இல் வேல்ஸும் தெற்கு இங்கிலாந்தும், அப்புறம் பெல்ஜியம், ஜெர்மனி, ஸ்பெயின் என்று நடுநடுவே சைக்கிளில் போய்வந்தார். போய்வா என்று ஊக்கப்படுத்தியவர், படுத்திருந்த அந்த அம்மாவேதான்.

உங்களுக்கு வரும் அழுகை சைக்கிளுக்காக மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. ஐந்து வருடமாக முழுத் தூக்கம் தூங்காத உடம்பு அது. முதலில் தேவை ஓய்வு. அதனால் அண்ணனிடம் நான்கு நாள் கேளுங்கள். “முடிந்தால் வா” என்று கேட்காதீர்கள், தேதி சொல்லிக் கேளுங்கள். மாத்திரை நேரம், சாப்பாட்டுப் பக்குவம், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைப்பது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அம்மாவிடமும் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மறைத்துப் போனால் உங்களாலேயே நிம்மதியாக மிதிக்க முடியாது.

முதல் நாள் தூங்குங்கள். இரண்டாவது நாள் சைக்கிளை எடுத்து சுவாமிமலை வரை போய்வாருங்கள். உடம்பு பழகியதும் இன்னொரு முறை திருவையாறு. உங்கள் ஊர்ப்பக்கம் மேடே கிடையாது, கியர் இல்லாத சைக்கிளே போதும். காற்றடிக்கும் பம்ப்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் கையில் இருக்கட்டும். பஞ்சர் ஒட்டுவதை சைக்கிள் கடைக்காரரிடமே கற்றுக்கொள்ளலாம், அரை மணி நேர வேலை.

லீவு கிடைக்கவில்லை என்று அண்ணன் சொல்லக்கூடும். சரி, அந்த நான்கு நாளுக்கும் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்கான சம்பளத்தை அவர் அனுப்பட்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அவருக்கும் அம்மாதானே.