காசு போதாத மாதத்தில் யாருக்கு முதலில் கொடுப்பது?

ஒரு வணிகத்தைத் திறம்பட நடத்தும் தலைவருக்கு என்னென்ன பண்புகள் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால், முகாமைத்துவப் பட்டத்தை முடித்துவிட்டுத் தகப்பனாரின் கடையையோ ஆலையையோ பொறுப்பேற்க நிற்பவர் என்று ஊகிக்கிறேன். ஊகம் பிழையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்படி எண்ணிக்கொண்டே எழுதுகிறேன். தொலைநோக்கு, துணிவு, பேச்சுத்திறன் என்று உங்கள் பாடநூலில் ஒரு பட்டியல் இருந்திருக்கும். அதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் ஓர் அரிசி ஆலையின் கணக்கைப் பல ஆண்டுகள் எழுதியவன் என்ற வகையில், எந்தப் பட்டியலிலும் நான் கண்டிராத ஒன்றையே முதலாவதாக வைப்பேன். கையிலுள்ள காசு எல்லோருக்கும் போதாத மாதத்தில் யாருக்கு முதலில் கொடுப்பது, யாரைக் காத்திருக்கச் சொல்வது என்று தீர்மானிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தை உரியவரின் முகத்துக்கு நேரே சொல்லவும் வேண்டும்.

ஆலை சம்மாந்துறைப் பக்கம் இருந்தது. நான் காரைதீவிலிருந்து போய்வருவேன். முதலாளியை ஹாஜியார் என்றே எல்லோரும் அழைப்போம். நாலு பேர் கூடிய இடத்தில் எழுந்து பேசச் சொன்னால் அவருக்கு வியர்த்துவிடும். கோபமோ சட்டென்று வரும். கணக்கைக் கணினியில் ஏற்ற அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பாடநூலின்படி மதிப்பெண் போட்டால் அவர் தேறியிருக்கமாட்டார்.

ஆலைத் தொழிலை அறியாதவர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். எங்கள் பகுதியில் பெரும்போக நெல் மாசி, பங்குனியிலும் சிறுபோக நெல் ஆவணியை ஒட்டியும் வருகிறது. அந்தச் சில வாரங்களில் வாங்கிச் சேர்க்கும் நெல்லை வைத்தே அடுத்த மாதங்களுக்கு ஆலை ஓட வேண்டும். நெல்லைக் கொண்டுவருபவர் வெட்டுக்கூலி, உழவுக்கூலி, பசளைக் கடன், அடகிலிருக்கும் நகை எல்லாவற்றையும் மனத்தில் சுமந்தபடி வருகிறார். அவருக்குக் காசு உடனே வேண்டும். அரிசியை வாங்கும் கொழும்பு மொத்த வியாபாரியோ ஒரு மாதம், ஒன்றரை மாதம் தள்ளித் திகதியிட்ட செக்கைத்தான் தருவார். நூறு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 65 கிலோ அரிசிதான் மிஞ்சும். எனவே இலாபம் மெல்லியது, இடைப்பட்ட காலத்தைத் தாங்குவதெல்லாம் வங்கியின் மேலதிகப் பற்று, அதாவது கணக்கிலுள்ளதற்கு மேல் எடுக்க வங்கி தரும் கடன்.

இந்த ஏற்பாடு 2022 இல் எல்லாப் பக்கத்தாலும் இடிந்தது. அதற்கு முந்திய வருடம், 2021 மே மாதத்தில், இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது இங்கே பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. விளைச்சல் சரிந்தது, நெல் விலை ஏறியது. அதே எண்ணிக்கையான மூடைகளுக்கு மிகக் கூடுதலான காசு தேவைப்பட்டது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மின்பிறப்பாக்கிக்கு டீசல் கிடைக்கவில்லை. ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. எங்களுக்கு வந்திருந்த செக்குகளிலும் சில திரும்பின.

அந்நாட்களில் ஒரு மாலை, கொடுக்க வேண்டியோரின் பட்டியலை எழுதித் தருமாறு ஹாஜியார் கேட்டார். வழக்கம்போலத் தொகையின் ஒழுங்கில் எழுதிக் கொடுத்தேன்: மேலே வங்கி, அடுத்துப் பெரிய போடிமார் (நிறைய வயல் வைத்திருப்பவர்கள்), அதன் கீழே சிறு விவசாயிகள், கடைசியில் கூலி. அவர் பேனையை எடுத்து, "தம்பி, பொறுக்கக் கூடியவங்களக் கீழ போடுங்க, நாளைக்கு உலை வைக்கணும் எண்டு இருக்கிறவங்கள மேல எழுதுங்க" என்றார். மூடை ஏற்றியிறக்கும் நாட்டாமைமாரும் களத்தில் நெல் காயவிடும் பெண்களும் மேலே வந்தார்கள். இரண்டு மூன்று ஏக்கரைக் குத்தகைக்குச் செய்பவர்கள் அடுத்து. பிறகு வங்கிக்கு வட்டி மட்டும். அதன் பிறகு போடிமார். எல்லோருக்கும் கீழே, அந்தப் போகத்தில் எங்களுக்கு மிக அதிகமாக நெல் தந்திருந்த அவருடைய சொந்த மச்சினன். அதற்கும் கீழே, மாதந்தோறும் அவருடைய வீட்டுக்கு எடுக்கும் பணம்.

பட்டியலை மாற்றி எழுதுவது எளிது. அதற்கு அடுத்த வேலைதான் கடினமானது, அதை அவர் எவரிடமும் ஒப்படைக்கவில்லை. தவணைத் திகதிக்கு முன்னரே பேரேட்டுடன் என்னையும் அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். முகாமையாளர் முகம் சுளித்தாலும், காசோலை திரும்பிய பிறகு தேடிப்பிடிக்க வேண்டிய ஆளாக இவரை அவர் கருதவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. கடனின் முதல்தொகையைச் சில மாதங்கள் தள்ளிக் கட்டச் சம்மதித்தார். போடிமாரின் வீடுகளுக்கு ஹாஜியாரே போய் ஆளுக்கொரு திகதி கொடுத்தார். ஒருவருக்குக் கொடுத்த திகதியைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்ததும், முதல் நாள் மாலையிலேயே அழைத்துச் சொல்லிவிட்டார். மச்சினன் அலுவலகத்துக்கு வந்து, நாட்டாமைமார் பார்த்திருக்க, "குடும்பத்துக்கு ஒரு நியாயம், கூலிக்காரனுக்கு ஒரு நியாயமா?" என்று சத்தமிட்டார். ஹாஜியாரும் பதிலுக்குச் சத்தமிட்டார். பட்டியல் மட்டும் மாறவில்லை.

இது ஒரு நல்ல மனிதரின் கதை, இதில் தலைமைத்துவம் எங்கே என்று இங்கே சிலர் பின்னூட்டமிடக்கூடும். அவர்களுக்காகவே சிறுபோகத்தைச் சொல்கிறேன். அந்த ஆவணியில் நெல் குறைவு, ஆலைகளிடம் கைக்காசும் குறைவு. எனவே கடனுக்கு நெல்லை எந்த ஆலையில் இறக்குவது என்று தெரிவுசெய்யும் நிலையில் விவசாயிகளே இருந்தார்கள். எங்கள் களம் நிரம்பியது. நாட்டாமைமார் வேறிடம் தேடிப் போகாததால், மின்சாரம் கிடைத்த வேளைகளில், நள்ளிரவானாலும், ஆலையை ஓட்ட ஆள் இருந்தார்கள். ஹாஜியார் இரக்கத்தால் செய்தாரா, கணக்குப் போட்டுச் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் கலந்திருக்கலாம், அதனால் பயன் குறைந்துவிடவில்லை.

முதலாளிக்குக் காவடி எடுக்கிறான் என்றும் எண்ணிவிட வேண்டாம். அந்த வேலையை நான் விட்டுவிட்டேன், அவரிடம் எனக்கு ஆகவேண்டியது எதுவுமில்லை. நெல்மணியைக் கடித்துப் பார்த்தே காய்ச்சல் பதத்தைச் சரியாகச் சொல்லும் ஓர் அக்கா களத்தில் இருந்தார். அவரைக் களத்துக்குப் பொறுப்பாக்குங்கள் என்று நான் எத்தனையோ முறை சொல்லியும், பெண் என்ற ஒரே காரணத்துக்காக அவர் கடைசிவரை செய்யவில்லை. அது அநியாயம் மட்டுமல்ல, ஆலைக்கு நட்டமும்கூட.

இந்த வரிசையை நான் இவ்வளவு அழுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு முன்னர் நான் வேலைபார்த்த இடத்தின் முதலாளி மேடைப் பேச்சில் வல்லவர். ஊர் விழாக்களில் இளைஞர்களுக்குத் தலைமைத்துவம் பற்றி உரையாற்றி, பொன்னாடை போர்த்தப்பட்டவர். ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கென்று எங்கள் சம்பளத்தில் மாதந்தோறும் 8 சதவீதத்தைக் கழித்தார். சட்டப்படி தன் பங்காக 12 சதவீதத்தையும் சேர்த்து அடுத்த மாத முடிவுக்குள் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. விலகிய பின் மீதியை விசாரித்தபோதுதான் பல மாதங்கள் வெறுமையாக இருப்பது தெரிந்தது. தொழில் திணைக்களத்துக்கு அலைந்து திரிந்து ஒரு பகுதியைத்தான் மீட்டேன். காசு தட்டுப்பட்ட மாதங்களில் அவரும் ஒரு வரிசை வைத்திருந்தார். சத்தம் போடாதவர்கள் கடைசியில் நின்றோம், அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

ஆகவே உங்கள் தகப்பனாரின் தொழிலைப் பொறுப்பேற்கும்போது, விற்பனைக் கணக்கைப் பார்ப்பதற்கு முன்னர் கொடுக்க வேண்டியோரின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். யார் யாருக்கு எத்தனை நாள் பிந்துகிறது, பிந்துவது அவர்களுக்குத் தெரியுமா, சேமலாப நிதி எந்த மாதம் வரை கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயரும் உறவினர்களின் பெயர்களும் எங்கே நிற்கின்றன என்பதையும் பாருங்கள். அதை மாற்றப் போனால் வீட்டுக்குள்ளேயே முதல் சண்டை வரும். ஹாஜியாரின் மச்சினனுக்கு முழுத் தொகையும் அவ்வருட இறுதிக்குள் கொடுத்து முடிக்கப்பட்டது, ஆனாலும் அவருடைய நெல் இப்போது வேறோர் ஆலைக்குத்தான் போகிறது.