விக்கலை நிறுத்த ஒரு பழி

அன்புள்ள ஐயா,

என் ஆறு வயது மகனுக்கு அடிக்கடி விக்கல் வருகிறது. குனிந்து தண்ணீர் குடிக்கச் சொல்கிறேன், சீனி கொடுக்கிறேன். மாமியாரோ, "என்னத்தடா திருடித் தின்ன?" என்று அதட்டுகிறார், உடனே நிற்கிறது. கைக்குழந்தை விக்கினால் நெற்றியில் ஈர நூல் ஒட்டுகிறார். மாமனாருக்கும் நாலு நாளாக விக்கல், எதற்கும் அடங்கவில்லை. எந்த வைத்தியம் நல்லது?

வாசகி, பெகு

அன்புள்ள தங்கைக்கு,

ஈர நூலை விடுங்கள். வயிற்றில் இருக்கும்போதே விக்குகிறவர்கள் கைக்குழந்தைகள். ஆறு மாதம் ஆகும்வரை தண்ணீர் புகட்டவே வேண்டாம்.

அந்த அதட்டல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ரங்கூனில் எங்கள் வீட்டிலும் இதே வைத்தியம்தான். பர்மிய வழக்கப்படி தேநீரோடு கடிக்க டப்பாவில் பனைவெல்லம் இருக்கும். ஒருநாள் விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில் எனக்கு விக்கல் எடுத்தது. "வெல்லத்தைத் திருடினியா?" என்றார் பெரியம்மா. விக்கல் நின்றது, எல்லோரும் சிரித்தார்கள். நான் எடுக்கவில்லை என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. அப்புறம் வெகுநாள் அந்த அலமாரிப் பக்கமே போகப் பிடிக்கவில்லை.

அதட்டினால் ஏன் நிற்கிறது? நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் என்ற தசை வெட்டி வெட்டி இழுப்பதுதான் விக்கல். திடுக்கிட்டால் மூச்சு ஒரு கணம் நிற்கும்; சில சமயம் அந்த இழுப்பும் கலைந்துவிடும். சரி, அந்த மூச்சைப் பிடிக்கச் சொன்னால் பிள்ளையே பிடித்துக்கொள்வானே! ரத்தத்தில் கரியமில வாயு கூடினாலும் இழுப்பு தணியும். சீனியும் பொய் வைத்தியமில்லை. 1971-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த குறிப்பின்படி, ஒரு தேக்கரண்டி சீனியை அப்படியே விழுங்கிய 20 பேரில் 19 பேருக்கு விக்கல் நின்றது. பெரியம்மா அந்த வெல்லத்தில் ஒரு துண்டை என் வாயில் போட்டிருக்கலாம். பலிக்கிறது என்பதற்காகப் பிள்ளையைக் கள்ளனாக்குவதா? மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். முடியாவிட்டால், "நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்" என்று அவர் காதுபட மகனிடம் சொல்லுங்கள்.

மாமனார் விஷயத்தைக் கொசுறு மாதிரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். இரண்டு நாளைத் தாண்டிய விக்கலுக்கு வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு, பக்கவாதம் போன்றவற்றின் அறிகுறியாகவும் அது இருக்கலாம். இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.