பரிணாமத்தை மட்டும் சொல்லும் பிபிசி நடுநிலை தவறுகிறதா?

கேள்வி: "இங்கிலாந்தில் வசிக்கும் எங்களிடமும் பிபிசி டிவி லைசென்ஸ் கட்டணம் வாங்குகிறது. ஆனால் அதன் இயற்கை நிகழ்ச்சிகள் எல்லாமே பரிணாமத்தை மட்டும்தான் உண்மையாகச் சொல்கின்றன. ஆண்டவர் படைத்தார் என்று நம்பும் எங்கள் தரப்புக்கும் இடம் தருவதுதானே நடுநிலை? எங்கள் சபையில் புகார் எழுதலாம் என்கிறார்கள்."

லண்டனில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாக உயிரியல் கற்பிக்கிறேன். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். இன்றும் ஞாயிறு பூசையைத் தவறவிடுவதில்லை. இந்த இரண்டு பக்கத்து மனிதர்களோடும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிறவன் என்ற நிலையில்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உயிர்கள் பரிணாமத்தின் வழியே வந்தனவா என்ற கேள்வியில் பிபிசி உங்களுக்குச் சம நேரம் தரக் கடமைப்படவில்லை. தந்தால் அது நேயர்களுக்குத் தவறான செய்தியைக் கொடுத்ததாகும். ஆனால் உங்களைப் பற்றிப் பேசுகிற இடத்தில், உங்கள் நம்பிக்கையை நீங்கள் சொல்கிறபடியே எடுத்துச் சொல்வதற்கும், உங்களைக் கேலிப்பொருளாக்காமல் இருப்பதற்கும் அது கட்டாயம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இவ்வளவு மனக்கசப்பும் வருகிறது என்பது என் எண்ணம்.

பிபிசியின் விதிகள் அதனிடம் வெறும் நடுநிலையைக் கேட்கவில்லை. "உரிய நடுநிலை"யைக் கேட்கின்றன. அந்த "உரிய" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. எடுத்துக்கொண்ட பொருள் என்ன, நிகழ்ச்சி எந்த வகையைச் சேர்ந்தது, நேயர்கள் எதை எதிர்பார்ப்பார்கள் என்பதைப் பொறுத்து நடுநிலையின் அளவு மாறும் என்று அந்த விதிகளே விளக்குகின்றன. வரி விகிதத்தைப் பற்றிய விவாதத்தில் ஆளும் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஆளுக்கொரு நாற்காலி போடுவது நியாயம், ஏனென்றால் அங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் வாக்காளர்கள். பாறையின் வயது என்ன என்பதற்கு வாக்காளர்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் ஆண்டு வகுப்பில், மேசைமேல் நான்கு மண்டையோடுகளின் வார்ப்புகளை வரிசையாக வைத்திருந்தேன்: சிம்பன்சி, அழிந்துபோன ஆதி மனித இனங்களான ஆஸ்திரலோபித்தகஸ், ஹோமோ எரெக்டஸ், பிறகு நம்முடையது. பெந்தெகொஸ்தே சபைக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி, மிகக் கவனமாகப் படிக்கிறவள், ஒவ்வொன்றையும் கவிழ்த்து, முள்ளந்தண்டு வந்து சேரும் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். சிம்பன்சியில் அது பின்பக்கமாகத் தள்ளி இருக்கிறது. நிமிர்ந்து நடந்தவர்களில் தலையின் அடிநடுவுக்கு வந்துவிடுகிறது. அதை அவளாகவே கண்டுபிடித்தாள். பிறகு நிமிர்ந்து என்னிடம் கேட்டாள்: "சேர், டிவியில் ஒருவர் ஆம் என்கிறார், ஒருவர் இல்லை என்கிறார். அப்படியானால் இது பாதிக்குப் பாதிதானே?"

என்ன நிகழ்ச்சியைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. எந்த அலைவரிசை என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் இரண்டு நாற்காலிகள் ஒரு பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுக்கின்றன என்பதை அன்றைக்குத்தான் சரியாக விளங்கிக்கொண்டேன். அந்த இருவரும் பேசிய சொற்கள் அவள் நினைவில் நிற்கவில்லை. ஆளுக்கொரு நாற்காலி, ஆளுக்குச் சம நேரம், நடுவில் தலையாட்டும் தொகுப்பாளர் என்ற அந்தக் காட்சி மட்டும் நின்றது. அதிலிருந்து அவள் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

நேரலை விவாதத்தில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. கண் படிப்படியாக உருவாகியிருக்க முடியாது என்கிறவர், "பாதிக் கண்ணால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்க ஐந்து விநாடி போதும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர், ஒளியை உணர்ந்தாலும் உருவத்தைக் காட்டாத தட்டைப்புழுவின் எளிய கண்ணிலிருந்து தொடங்க வேண்டும். பாறையில் ஒட்டி வாழும் நத்தை வகை ஒன்றில் அது சிறு கிண்ணம்போலக் குழிந்து, வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காட்டுகிறது. நாட்டிலஸ் என்னும் கடலுயிரியில் அந்தக் கிண்ணத்தின் வாய் ஊசித்துளையாகச் சுருங்கி, வில்லையே இல்லாமல் மங்கலான ஒரு உருவத்தை விழச் செய்கிறது. இவை எல்லாம் இன்றும் உயிரோடிருக்கும் விலங்குகள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் "பாதிக் கண்" நன்றாகவே பயன்படுகிறது. இதை வகுப்பில் படம் வரைந்து விளக்க எனக்கு இருபது நிமிடம் ஆகும். நான்கு நிமிட வானொலி நேர்காணலில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஐந்து விநாடிக் கேள்வி வந்துவிடும். கடிகாரம் இருவருக்கும் சமமாக ஓடலாம். அவர்கள் சுமக்கும் பாரம் சமமில்லை.

இதைப் பிபிசியும் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. அதன் அறிவியல் நிகழ்ச்சிகள் துல்லியமாகவும் நடுநிலையாகவும் இருக்கின்றனவா என்று ஆராயும் பொறுப்பை, அப்போதைய மேற்பார்வை அமைப்பான பிபிசி டிரஸ்ட், மரபியல் பேராசிரியர் ஸ்டீவ் ஜோன்ஸிடம் ஒப்படைத்தது. 2011 ஜூலையில் வெளியான அந்த அறிக்கை, அறிவியல் செய்திகளைப் பெரும்பாலும் பாராட்டிவிட்டு, நடுநிலை விதியை இயந்திரம்போலப் பயன்படுத்துவதால் ஆதாரமில்லாத கருத்துகளுக்குத் தகுதிக்கு மிஞ்சிய இடம் கிடைக்கிறது என்று எச்சரித்தது. அப்படியும் பழக்கம் உடனே போய்விடவில்லை. 2017 ஆகஸ்டில் முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லாசன் காலை வானொலி நிகழ்ச்சியில் பருவநிலை பற்றிச் சொன்ன தவறான கூற்று எதிர்க்கேள்வி இன்றி ஒலிபரப்பானது. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் அதை விதிமீறல் என்று 2018-இல் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பிபிசி தன் செய்தியாளர்களுக்கு அனுப்பிய குறிப்பு ஒரு கால்பந்து உதாரணத்தைக் காட்டியது: மான்செஸ்டர் யுனைடெட் 2-0 என்று வென்ற பிறகு, அது வெல்லவேயில்லை என்று சொல்ல ஒருவரைத் தேடிப்பிடித்து அழைப்பதில்லை அல்லவா? குறிப்பு பருவநிலையைப் பற்றியதுதான். அந்த நியாயம் பரிணாமத்துக்கும் அப்படியே பொருந்தும்.

ஆனால் நாங்களும் கட்டணம் கட்டுகிறோமே என்று நீங்கள் கேட்பது இலேசான கேள்வியல்ல. 2006 ஜனவரியில் "ஹொரைசன்" என்னும் தன் அறிவியல் நிகழ்ச்சிக்காகப் பிபிசி எடுத்த கருத்துக்கணிப்பில், உயிரின் தோற்றத்தைப் பரிணாமம்தான் சிறப்பாக விளக்குகிறது என்றவர்கள் 48 விழுக்காடு. படைப்பு என்றவர்கள் 22. உயிர்களை ஓர் அறிவுள்ள சக்தி வடிவமைத்தது என்னும் "அறிவார்ந்த வடிவமைப்பு" என்றவர்கள் 17. இத்தனை பேரும் கட்டணம் கட்டுகிறவர்கள்தான். அவர்கள் இல்லாததுபோல நடந்துகொள்ள ஒரு பொது ஒலிபரப்பாளருக்கு உரிமையில்லை. நம்பிக்கையுள்ள பெற்றோர் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறார்கள், பள்ளிகள் அவர்களை எப்படி நடத்த வேண்டும், வேதாகமத்தின் முதல் அதிகாரங்களைத் திருச்சபைகள் எப்படி வாசிக்கின்றன என்ற நிகழ்ச்சிகளில் உங்கள் குரல் கட்டாயம் ஒலிக்க வேண்டும்; அங்கே உங்களுக்குப் பதிலாக வேறொருவர் பேசுவதும் எனக்குச் சம்மதமில்லை. நீங்கள் கட்டும் கட்டணத்துக்கு உங்களுக்குச் சேர வேண்டிய பங்கு இது. பாறையின் வயதைத் திருத்தித் தருவது அந்தப் பங்கில் சேராது.

பள்ளியிலும் இதே எல்லையைத்தான் பார்க்கிறேன். இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் அகாடமிப் பள்ளிகள் படைப்புக் கொள்கையை ஆதாரமுள்ள அறிவியல் கொள்கையாகக் கற்பிக்கக் கூடாது. சமயக் கல்வி வகுப்பில் அதைத் தாராளமாகப் பேசலாம். ஒரு பிள்ளை என் வகுப்பிலேயே அதைப் பற்றிக் கேட்டால் நான் வாயை மூடச் சொல்வதில்லை.

கட்டணமும் உறுப்பினர்களும்தான் அளவுகோல் என்று போனால் என்ன நடக்கும் என்பதற்கு நெதர்லாந்தைப் பாருங்கள். அங்கே பொது ஒலிபரப்பின் நேரம் உறுப்பினர்களைக் கொண்ட சங்கங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அவற்றில் ஒன்று 1967-இல் தொடங்கிய சுவிசேஷ ஒலிபரப்புச் சங்கம். பிபிசியின் புகழ்பெற்ற இயற்கை நிகழ்ச்சித் தொகுப்பாளர் டேவிட் அட்டன்பரோவின் பாலூட்டிகள் தொடரை அது ஒளிபரப்பியபோது, பரிணாமத்தையும் கோடிக்கணக்கான ஆண்டுகளையும் சொல்லும் வரிகளை வெட்டியும் மாற்றியும் விட்டது 2007-இல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்நாட்டு விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இது என்னை வருத்துகிற அளவுக்கு நேரடி விவாதம்கூட வருத்துவதில்லை. விவாதத்தில் எதிர்த்தரப்பு இருப்பதாவது நேயருக்குத் தெரியும். இங்கே அட்டன்பரோ முகத்தோடும் அழகான காட்சிகளோடும் ஒரு தொடர் வருகிறது. எது எடுக்கப்பட்டது என்று பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

மறுபக்கத்துக்கும் ஒரு சொல். சமயத்தை நம்புகிறவர்களை மூடர்களாகக் காட்டி எடுக்கிற நிகழ்ச்சிகளை நான் வெறுக்கிறேன். தொடக்ககால வானொலியை இயக்கிய வால்வைக் கண்டுபிடித்த ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங், 1930களில் லண்டனில் உருவான பரிணாம எதிர்ப்பு இயக்கத்தின் முதல் தலைவராக இருந்தார். அவர் பரிணாமத்தைப் பற்றிச் சொன்னது தவறு; அவர் மூடரல்லர். அதேபோல, பரிணாமத்தைச் சொல்லிவிட்டு, "ஆகவே கடவுள் இல்லை" என்று ஒரு தொகுப்பாளர் மூச்சுவிடாமல் சேர்த்துச் சொன்னால், அவர் அறிவியலைத் தாண்டி வேறொரு துறைக்குள் நுழைந்துவிட்டார். பரிணாமம் வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என்று 1996-இல் ஏற்றுக்கொண்டவர் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல்; அவர் விசுவாசத்தை விட்டுவிடவில்லை.

இனி உங்கள் சபையின் புகாருக்கு வருகிறேன். "பரிணாமத்தை உண்மையாகச் சொன்னார்கள்" என்று எழுதினால், மரியாதையான ஒரு மறுப்புக் கடிதம் வரும்; அந்த மறுப்பு சரியானதாகவும் இருக்கும். உங்கள் நம்பிக்கையைத் திரித்துச் சொன்ன, உங்கள் மனிதர் பேசியதைப் பாதியில் வெட்டிப் பொருளை மாற்றிய, அல்லது அறிவியலின் பெயரால் கடவுள் இல்லை என்று தீர்ப்புச் சொன்ன நிகழ்ச்சி இருந்தால் அதைப் பிடியுங்கள். நிகழ்ச்சியின் பெயர், தேதி, எத்தனையாவது நிமிடம், சொன்ன சொற்கள் என்று எல்லாவற்றையும் குறித்து முதலில் பிபிசிக்கே எழுத வேண்டும். அங்கே கிடைக்கும் இறுதிப் பதில் திருப்தி தராவிட்டால்தான் ஆஃப்காமுக்குப் போகலாம். அப்படி ஒரு நிகழ்ச்சியை நீங்கள் காட்டினால், கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன். உயிரியல் ஆசிரியன் என்று போட்டு என் கையெழுத்தையும் கீழே வைக்கிறேன்.