அண்ணாச்சி பதில்கள்: வேலைக்கும் வேலைக்கும் நடுவில்

வேலை விட்டுப்போய் வீட்டில் இருக்கிறவர்கள் பகலை எப்படிக் கழிக்கிறீர்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் பெயர் வேண்டாம் என்று எழுதியிருப்பதால் எல்லோருக்கும் ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு இருபத்தெட்டு வயது. சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்தேன். ஆள் குறைத்தபோது என் பெயரும் வந்தது. ஊருக்கே வந்துவிட்டேன். பரணில் கிடந்த காமிக்ஸ் பெட்டியை இறக்கி வாசிக்கிறேன், பாட்டுக் கேட்கிறேன், ராத்திரி ஆச்சியோடு டிவி. அத்தை வந்தால் மட்டும் காமிக்ஸைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொள்கிறேன். அப்பா ஒன்றுமே கேட்பதில்லை. காலத்தை வீணாக்குகிறேனா?
(அம்பாசமுத்திரம்)

பதில்: தம்பி, நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது அந்தத் தலையணை மட்டும்தான். மற்றதெல்லாம் சரியாகவே இருக்கிறது.

எண்பதுகளில் திருநெல்வேலி டவுணில் நான் கேசட் பதிவு செய்கிற கடை வைத்திருந்தேன். லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் இசைத்தட்டிலிருந்து பாட்டை எடுத்துப் பதிந்து கொடுப்போம். அறுபது நிமிட டிடிகே கேசட் என்றால் ஒரு பக்கம் முப்பது நிமிடம். ஆறு பாட்டு தாராளமாகப் பிடிக்கும், ஏழாவது பாட்டு பாதியில் அறுந்துபோகும். வேலைக்குப் போகிறவர்கள் லிஸ்ட்டைக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வார்கள். வேலை தேடிக்கொண்டிருந்த பையன்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, பதிவு முடிகிற வரைக்கும் கூடவே கேட்பார்கள். அதில் பேட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் ஒவ்வொரு பாட்டையும் கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்து, பென்சிலால் நிமிடமும் விநாடியும் எழுதி, எந்தப் பாட்டும் வெட்டுப்படாமல் முப்பது நிமிடத்துக்குள் அடங்குகிற மாதிரி வரிசையை மாற்றி மாற்றிப் போடுவான். பெரிய பாட்டு ஒன்றை எடுத்துவிட்டு இரண்டு சின்னப் பாட்டைச் சேர்ப்பான். சோகப் பாட்டுக்குப் பின்னால் உடனே குத்துப்பாட்டு வந்துவிட்டால் அவனுக்குப் பொறுக்காது, திரும்ப அழிப்பான். கடைசிப் பாட்டு முடிந்து, நாலைந்து விநாடி வெறும் நாடா ஓடி, டெக்கின் பட்டன் 'டக்'கென்று மேலே வரும். அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். எடுத்த காரியம் ஒன்று முடிந்துவிட்டது என்கிற முகம் அது. அப்புறம் அவன் பம்பாய்க்குப் போய்விட்டான். அங்கிருந்தும் தபாலில் லிஸ்ட் வரும், அதே பென்சில் கணக்கோடு.

வேலை தேடுகிற காலத்தின் பெரிய கஷ்டம் என்ன தெரியுமா, எதுவுமே முடிவதில்லை. விண்ணப்பம் போட்டால் பதில் வராது. இன்டர்வியூ முடிந்தால் 'சொல்லி அனுப்புகிறோம்' என்பார்கள். அப்படிப்பட்ட நாளில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இருக்கிற ஒரு பொருள் மனசுக்கு வேண்டும். காமிக்ஸ் அதைத் தருகிறது. கௌபாய் வீரன் டெக்ஸ் வில்லரின் கதை ஒன்றை எடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வில்லன் மாட்டிக்கொள்வான். ஆனால் போனில் விரலால் தள்ளிக்கொண்டே போகிற வீடியோவுக்கு முடிவே கிடையாது. நீங்கள் கடிதத்தில் அதைச் சொல்லவே இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால், பகலைத் தின்கிறது அதுதானா என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள்.

சரி, தலையணைக்கு வருவோம். ஒளித்து வைத்து வாசிக்கிற புத்தகத்தில் ஒரு பக்கம்கூட மனதில் இறங்காது, காது வாசலிலேயே இருக்கும். சும்மா திறந்து வைத்த லேப்டாப் முன்னால் உட்கார்வதும் களைப்புத்தான். அதனால் காலையில் பத்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும் வேலை தேடுகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயில் அனுப்புவது, பழைய ஆபீஸ் சிநேகிதர்களைக் கூப்பிடுவது, பாடத்தைப் புதுப்பிப்பது எல்லாம் அதற்குள். பன்னிரண்டுக்கு மூடிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ரோட்டில் போகிறவர்களுக்கு அட்டை தெரிகிற மாதிரியே காமிக்ஸ் வாசியுங்கள். அத்தை கேட்டால், "காலையிலே தேடுத வேலை முடிஞ்சுட்டு அத்தை, இது மத்தியான வேலை" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். இரண்டு தடவை கேட்பார்கள், மூன்றாவது தடவை காபி போட்டுத் தருவார்கள்.

அப்பா கேட்கவில்லை என்பதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் பக்கத்து அப்பாக்களுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாது. கையில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை மாதம் ஓடும், எங்கெங்கே போட்டிருக்கிறீர்கள் என்பதை நீங்களாகவே அவரிடம் சொல்லிவிடுங்கள். ராத்திரி அவர் தூக்கம் கொஞ்சம் கூடும்.

கேள்வி: என் மகன் பாலிடெக்னிக் முடித்தவன். ஒப்பந்த வேலை முடிந்து வீட்டில் இருக்கிறான். சீரியல் என்றாலே கிண்டல் பண்ணுவான், இப்போது ஆறரை மணிக்கு என்னோடு உட்கார்ந்தால் பத்து மணி வரைக்கும் பார்க்கிறான். ஆம்பளைப் பிள்ளை இப்படிப் பார்க்கலாமா?
(பாளையங்கோட்டை)

பதில்: தாராளமாகப் பார்க்கட்டும் அம்மா. எனக்கு இந்தக் கடிதம் சந்தோஷமாக இருந்தது. மகன் உங்கள் பக்கத்தில் மூன்றரை மணி நேரம் உட்கார்கிறான் என்றால் அது லேசில் கிடைக்கிற காரியமா? வேலையைப் பற்றி அவனிடம் கேட்க வேண்டியது இருந்தால் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்காதீர்கள், சோறு இறங்காது. விளம்பர இடைவேளையில் கேளுங்கள். டிவியைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டிய சங்கடம் இல்லை. நாலு நிமிடத்தில் கதை திரும்ப ஆரம்பித்துவிடும் என்பதால் பேச்சும் சண்டையாக நீளாது.

கைக்கு ஒரு வேலையும் கொடுங்கள். மறுநாள் வைக்கிற சொதிக்கு, அதுதான் நம் தேங்காய்ப்பால் குழம்புக்கு, உள்ளி உரிக்கச் சொல்லலாம். சொதிக்குப் பல்லாரி என்கிற பெரிய வெங்காயம் சரிப்படாது, சின்ன உள்ளிதான், அதாவது சின்ன வெங்காயம்தான் வேண்டும், அதை உரிக்க ஒரு சீரியல் நேரம் ஆகத்தான் செய்யும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள்: மத்தியானம் அதே சீரியலை மறுஒளிபரப்பிலும் பார்க்க ஆரம்பித்தால் டிவியை அணைத்துவிட்டு வெளியே அனுப்புங்கள்.

கேள்வி: வேலை மாறுகிற இடைவெளியில் பல வருடம் கழித்துக் காமிக்ஸ் பக்கம் வந்திருக்கிறேன். இரும்புக்கை மாயாவி நம்ம ஊர்க் கதையா, வெளிநாட்டுக் கதையா என்று வீட்டில் ஒரு வாதம். தீர்த்து வையுங்கள்.
(கோவில்பட்டி)

பதில்: வெளிநாட்டுக் கதைதான். 1962-ல் இங்கிலாந்தில் வேலியண்ட் என்ற வார இதழில் தொடங்கியது. வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவன், விபத்துக்குப் பிறகு உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுகிறான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சிவகாசியில் 1972-ல் முத்து காமிக்ஸ் இந்தக் கதையோடுதான் தொடங்கியது. அதனால் வீட்டில் 'நம்ம ஊர்' என்று வாதாடியவருக்கும் பாதி மார்க் கொடுத்துவிடுங்கள். அதே சிவகாசியிலிருந்து 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. ராணி காமிக்ஸும் அதே ஆண்டுதான்.

இந்தக் கதைகளைத் தமிழாக்கியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்தச் சின்னப் பேச்சுக் குமிழுக்குள் எத்தனை எழுத்து அடங்கும் என்று எண்ணி, அதற்குள் ஒரு முழு வசனத்தை உட்கார வைத்தார்கள். நம் பக்கத்தில் எத்தனையோ பேர் எழுத்துக்கூட்டி வேகமாகப் படிக்கப் பழகியது அந்தப் புத்தகங்களில்தான். பழைய பிரதி தேடி அதிக விலைக்கு வாங்க வேண்டாம், முக்கியமாகச் சம்பளம் இல்லாத மாதத்தில். மறுபதிப்புகள் வருகின்றன. வைத்திருக்கிற நண்பர்களிடம் மாற்றிக்கொண்டும் வாசிக்கலாம்.

கேள்வி: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தால் மாதம் பணம் தருவார்களாமே?
(சங்கரன்கோவில்)

பதில்: உடனே தர மாட்டார்கள். பதிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. வயது வரம்பு 40, பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 45. பத்தாவது தேறியவருக்கு மாதம் 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புப் படித்தவர்களுக்கு இது கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் கூடுதல், காத்திருக்கிற காலமும் குறைவு. பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள். அந்த அலுவலகத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது பணத்தைவிட அங்கே நடக்கிற தன்னார்வப் பயிலும் வட்டம். டிஎன்பிஎஸ்சி போன்ற தேர்வுகளுக்கு இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். உங்களை மாதிரியே காத்திருக்கிற நாலு பேரோடு உட்காரவும் ஓர் இடம் கிடைக்கும்.

கேள்வி: அண்ணாச்சி, என் வீட்டுக்காரர் சவுதியில் ஒப்பந்தம் முடிந்து வந்திருக்கிறார். காலையில் எழுந்ததும் பெரிய ஸ்பீக்கரில் பழைய பாட்டுப் போட ஆரம்பித்தால் ராத்திரி வரைக்கும் அதுதான். பிள்ளைகள் படிக்க முடியவில்லை. அக்கம்பக்கத்தில் ஜாடையாகப் பேசுகிறார்கள். சொன்னால் கோபம் வருகிறது.
(கடையநல்லூர்)

பதில்: தங்கச்சி, அங்கே ஒரே அறையில் ஆறேழு பேர் கட்டில் மேல் கட்டில் போட்டுப் படுத்திருப்பார்கள். ஒருவருக்குப் பகல் ஷிப்ட், இன்னொருவருக்கு ராத்திரி ஷிப்ட். பாட்டு என்றால் காதுக்குள் மட்டும்தான். தன் வீட்டில், தன் கூரைக்குக் கீழே, சத்தமாக ஒரு பாட்டுக் கேட்கிறது அவருக்கு எவ்வளவு நாள் ஆசையாக இருந்ததோ. அதைப் புரிந்துகொண்டு பேசினால் கோபம் வராது என்று நினைக்கிறேன்.

'நிறுத்துங்கள்' என்று சொல்லாமல் நேரம் கேளுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு அவர் விருப்பம் போலப் போடட்டும். அவர்கள் படிக்க உட்கார்ந்தால் ஸ்பீக்கர் ஓய்வு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அரை மணி நேரம் எல்லோருமாக உட்கார்ந்து கேளுங்கள், ஆளுக்கு ஒரு பாட்டு, பிள்ளைகள் கேட்கிற பாட்டும் வரிசையில் வரட்டும். நீங்களும் ஒன்று கேளுங்கள். கல்யாணமான புதிதில் அவர் போட்ட பாட்டு எதுவென்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

திரும்பவும் வெளிநாடு போகிற யோசனை இருந்தால், ஏஜென்டிடம் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் தமிழக அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷனில் என்ன வேலை அறிவித்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். 1978-லிருந்து இருக்கிற அரசு நிறுவனம். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

கேள்வி: எங்கள் தாத்தா பனையேறி. மழைக்காலத்தில் தொழில் இல்லாதபோது இலங்கை வானொலியே கதி என்று கிடப்பாராம். கடல் தாண்டி அது எப்படி அவ்வளவு தெளிவாகக் கேட்டது? என் போனில் எஃப்எம் கூட இரைகிறதே!
(உடன்குடி)

பதில்: அந்தக் கடல்தான் காரணம். இலங்கை வானொலி நமக்கு வந்தது மத்திய அலையில். அந்த அலை தரையை ஒட்டியே ஓடும். காய்ந்த மண்ணிலும் பாறையிலும் அதன் சக்தி சீக்கிரம் குறைந்துவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடலுக்கு மேல் அதிகம் தேயாமல் வரும். உங்கள் ஊருக்கும் இலங்கைக் கரைக்கும் நடுவில் மன்னார் வளைகுடா மட்டும்தானே. ராத்திரியானால் வானத்தின் மேலடுக்கிலும் பட்டுத் திரும்பி வரும், இன்னும் தூரம் போகும். பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியும், அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியும் திருச்செந்தூர்ப் பக்கத்து டீக்கடைகளில் கேட்டது அப்படித்தான். 1982-ல் இலங்கையின் ரூபவாகினி தொலைக்காட்சி வந்தபோது, உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி அதையும் பிடித்தார்கள். 1987-ல் கொடைக்கானலில் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகுதான் சென்னைத் தொலைக்காட்சி நம் பக்கம் ஒழுங்காகத் தெரிந்தது.

உங்கள் தாத்தா வீணாகக் கிடக்கவில்லை. பதநீர் காலத்தில் விடியுமுன்னே மரமேறி, திரும்பச் சாயங்காலமும் ஏறுகிற உடம்புக்கு அந்த மழை மாதங்கள்தான் ஓய்வு.

எஃப்எம் அலை நேர்கோட்டில் வருவது. கட்டடமும் மேடும் மறித்தால் இரையும். போனில் அதற்கு ஏரியல் எது தெரியுமா? இயர்போனின் ஒயர்தான். ஒயர் இல்லாத இயர்போனை வைத்துக்கொண்டு எஃப்எம் தேடினால் இரைச்சல்தான் மிஞ்சும். ஒயர் உள்ளதைச் செருகி, அதைச் சுருட்டி வைக்காமல் நீட்டி விட்டுக் கேட்டுப் பாருங்கள். அப்படியும் சரிவரவில்லை என்றால், ஆகாசவாணியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் நம் திருநெல்வேலி நிலையமே வருகிறது. 1963-லிருந்து பேசிக்கொண்டிருக்கிற நிலையம். பாட்டிக்கும் ஒரு காதில் மாட்டி விடுங்கள்.