தேசிக்காய் விட்டால் பால் திரைகிறது: முட்டையும் ஜெலற்றினும் இல்லாமல் குளிர் புடிங் செய்வது எப்படி?

தேசிக்காயும் (எலுமிச்சை) ஏலக்காயும் மணக்க, வாயில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு குளிர் புடிங் வேண்டும், வீட்டில் மரக்கறி ஆட்கள் இருப்பதால் முட்டையும் ஜெலற்றினும் கூடாது, கடைக் கிறீம் விற்கிற விலைக்கு அதுவும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பாலைக் கொதிக்க வைத்துத் தேசிப்புளி (தேசிக்காய்ச் சாறு, இனி நான் புளி என்பதும் அதைத்தான்) விட்டதும் தண்ணீர் வேறு கட்டி வேறாகப் போய்விட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானும் அதே மாதிரி ஒரு சட்டியைக் கழுவியவன் என்பதால் இந்தப் பதில்.

2018 இல் நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து மச்சாள் பிள்ளைகளோடு வந்து நின்றார். பிள்ளைகளுக்குக் கோயிலுக்குப் போவதே ரியோ கடையில் ஐஸ்கிறீம் குடிக்கத்தான் (நாங்கள் ஐஸ்கிறீம் குடிக்கிறவர்கள், சாப்பிடுகிறவர்கள் அல்ல, மற்ற ஊர்க்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்). ஆனால் திருவிழா இருபத்தைந்து நாள். ஒவ்வொரு நாளும் அந்தச் சனத்துக்குள் போய் இடம் பிடிக்க என்னால் ஏலாது என்று, வீட்டிலேயே ஏதாவது செய்வோம் என்று இறங்கினேன். முதல் நாள் ஜெலற்றின் போட்டு ஒரு புடிங். அம்மா கரண்டியைக் கையில் எடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, உது இறுகிறதுக்கு என்ன போட்டனீ?" ஜெலற்றின் என்றேன். "அது என்னத்திலை செய்யிறது?" மாட்டெலும்பு, தோல் என்று நான் உண்மையைச் சொன்னதுதான் தாமதம், கொடி இறங்கும் வரைக்கும் அந்தப் பாத்திரம் குசினிக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் உங்களைப் போலவே பாலைக் காய்ச்சி, கொதிக்கக் கொதிக்கப் புளியைப் பிழிந்தேன். திரைந்தது. அதை வடித்து இரவுக்குப் பன்னீர்க் கறி வைத்துச் சமாளித்தேன், அது நன்றாகத்தான் இருந்தது என்பது வேறு கதை. அப்போது அம்மா கேட்ட இரண்டாவது கேள்விதான் இந்தப் பதிலின் சாரம்: "நீ சொதிக்கு எப்ப புளி விடுவாய்?"

யாழ்ப்பாணத்தில் சொதி வைக்கத் தெரிந்த எவரும் இதற்கு யோசிக்க மாட்டார்கள். தேங்காய்ப்பால் விட்டு, ஒரு கொதி வரும்போதே இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, பிறகுதான் தேசிப்புளி. அடுப்பில் இருக்கும்போது விட்டால் சொதி திரைந்து எண்ணெய் மிதக்கும். புடிங்குக்கும் அதே ஒழுங்குதான். அடுப்பு வேலை எல்லாம் முடிந்து, சட்டி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, கடைசியாகப் புளி.

ஏன் அப்படி என்றால், பாலில் கேசீன் என்று ஒரு புரதம் இருக்கிறது. புளிப்பு ஏறி பிஎச் அளவு 4.6 அளவுக்கு வந்ததும் அது ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். கொதிக்கிற சூட்டில் அவசரமாக ஒட்டினால் இறுகி, தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும், அதுதான் பன்னீர். சூடு குறைவாக இருந்து ஆறுதலாக ஒட்டினால் தண்ணீரையும் உள்ளே வைத்துக்கொண்டு மெத்தென்று நிற்கும், அதுதான் தயிர். அதாவது நீங்கள் பயப்படுகிற அந்தத் திரைதல்தான் புடிங்கை இறுக்கப் போகிற சாமானும். அதை நிறுத்தத் தேவையில்லை, அவசரப்படாமல் நடக்க விட்டால் போதும். கொழுப்பும் சீனியும் கூட இருந்தால் இன்னும் நல்லது, அவை புரதத்துக்கு இடையில் புகுந்துகொண்டு கட்டி கட்டியாகப் போக விடாது. இங்கிலாந்துக்காரர் பொசெற் என்று ஒன்று செய்வார்கள், கிறீமையும் சீனியையும் கொதிக்க வைத்து எலுமிச்சைச் சாறு விடுவது, கொழுப்பு அவ்வளவு இருப்பதால் அந்தச் சூட்டிலும் அது திரையாது. எங்களுடைய பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நாலு வீதம் அளவில்தான், அந்த விளையாட்டு அதோடு சரிவராது.

கிறீமுக்குப் பதில் எங்களிடம் இரண்டு சாமான் இருக்கிறது: ரின்பாலும் (கொண்டென்ஸ்ட் மில்க்) தயிரும். ரின்பாலில் தண்ணீரின் பெரும்பகுதியை ஏற்கனவே எடுத்து, கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி சீனியும் போட்டிருக்கிறார்கள், அதனால் புளி பட்டதும் திரையாமல் தடித்துக்கொண்டு வரும். ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு கரண்டி ரின்பாலை ஊற்றி அரைத் தேசிக்காயைப் பிழிந்து கலக்கிப் பாருங்கள், கண்ணுக்கு முன்னாலேயே தடிக்கும். அமெரிக்காவில் புளோரிடாத் தீவுகளில் செய்கிற கீ லைம் பை இந்த வித்தையில் வந்ததுதான், அங்கே பசும்பால் கிடைக்காத காலத்தில் ரின்பால்தான் கைகொடுத்தது. தயிரோ ஏற்கனவே திரைந்த சாமான், அதற்குமேல் புளி விட்டு என்ன ஆகப் போகிறது.

சரி, அளவுகள். எட்டுப் பேருக்கு: ஒரு ரின் ரின்பால் (400 கிராம் அளவில்), ஒரு கிலோ தயிர், 150 மில்லிலீற்றர் பசும்பால், ஆறு மேசைக்கரண்டி தேசிப்புளி, மூன்று தேசிக்காயின் தோல், ஆறு ஏலக்காய், சுட்டுவிரல் நீளத்தில் ஒரு கறுவாப்பட்டை, ஜெலற்றினுக்குப் பதிலாக இறுக்குகிற கடற்பாசித் தூள் (அகர் அகர்) முக்கால் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விடாதீர்கள். சீனி வேண்டாம், ரின்பாலில் இருப்பது காணும்.

தயிரை முதல் நாளே வடிக்க வேண்டும். சட்டியில் வருகிற எருமைத் தயிர் கிடைத்தால் அதுதான் முதல் தெரிவு, எருமைப்பாலில் கொழுப்பு பசும்பாலைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பழைய வெள்ளை வேட்டித் துண்டில் கட்டி, ஒரு வடிதட்டில் வைத்து, கீழே சட்டி வைத்து, பிரிஜுக்குள் இரவு முழுக்க விடுங்கள். முன்பு நான் அதைத் தண்ணீர்ப் பைப்பில் கட்டித் தொங்கவிடுவேன், எங்கள் வெக்கைக்கு நாலு மணித்தியாலத்தில் வாய் கூசுகிற அளவுக்குப் புளித்துப் போகும். காலையில் பாதியாகக் குறைந்து, சீஸ் மாதிரி ஒரு கட்டி இருக்கும். வடிந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், ரொட்டிக்கு மாக் குழைக்கலாம்.

செய்கிற நாளில் முதல் வேலை தயிரை வெளியே எடுத்து வைப்பது. கடற்பாசி சேர்க்கும்போது தயிர் குளிராக இருந்தால், பட்ட இடத்திலேயே கடற்பாசி இறுகி, சின்னச் சின்ன ஜவ்வரிசி மாதிரி பல்லில் தட்டுப்படும். இது எனக்கு இரண்டு தரம் நடந்தது, முதல் தரம் ஏன் என்றே விளங்கவில்லை.

பாலில் கறுவாவையும் தட்டின ஏலக்காயையும் போட்டு, கொதி வந்ததும் நிறுத்தி, மூடி இருபது நிமிடம் வைத்து வடித்தெடுங்கள். கறுவாத் தூள் போட வேண்டாம். தூள் ஊறிக் கொழகொழத்து, நிறத்தையும் மண் நிறமாக்கிவிடும். பட்டையில் மணம் மட்டும் இறங்கும். அதிலும் எங்கள் நாட்டுக் கறுவா மெல்லிய தாள் தாளாகச் சுருண்டு, கையால் நொறுக்கினால் நொறுங்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். தடித்த ஒற்றைப் பட்டையாக மரத்துண்டு மாதிரி வருவது வேறு சாதி, காரம் கூட, தேசிக்காயை அமுக்கிவிடும். கராம்பு போடலாமா என்று கேட்பீர்கள். ஒன்றே ஒன்று போட்டுப் பார்த்தேன், மச்சாளின் மூத்த மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, பல் டாக்டரிடம் போன மாதிரி இருக்கிறது என்றாள். பிழை அவளில் இல்லை, பல்வலிக்கு வைக்கிற கராம்பெண்ணெயின் மணம்தானே அது. சாதிக்காய் பிடித்தால் பரிமாறும்போது மேலே கொஞ்சம் உரைத்துப் போடுங்கள்.

தேசிக்காய்க்கு வருவோம். பலபேர் புளியைக் கூட்டினால் மணம் கூடும் என்று நினைக்கிறார்கள். புளியில் இருப்பது புளிப்புத்தான், மணம் தோலில் உள்ள எண்ணெயில் இருக்கிறது. நன்றாகக் கழுவித் துடைத்து, பச்சைத் தோலை மட்டும் மெல்லியதாகத் துருவுங்கள், கீழே இருக்கிற வெள்ளை வந்தால் கசக்கும். பிழிகிறதற்கு முதல் துருவ வேண்டும், பிழிந்த தோலைத் துருவப் போனால் விரல்தான் துருவப்படும். மோருக்குள் கசக்கிப் போடுவோமே தேசி இலை, அதில் இரண்டைக் கிழித்துப் பாலோடு ஊறவிட்டால் இன்னொரு மணம் வரும், வளவில் மரம் நிற்கிற ஆட்களுக்கு அது சும்மா கிடைப்பது. காய் வாங்கும்போது தோல் மெல்லியதாக, மஞ்சள் ஏறத் தொடங்கினதாகப் பார்த்து வாங்குங்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் முன்வரிசையில் அடுக்கியிருக்கிற பெரிய பச்சைக் காய்கள் பார்க்க வடிவு, வெட்டினால் தோலும் விதையும்தான்.

கடற்பாசித் தூளை அரைப் பேணித் தண்ணீரில் கரைத்து, கிண்டிக் கிண்டி மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். நூல் மாதிரி வருகிற சைனா கிராஸ் என்றால் அரை மணித்தியாலம் முதலில் ஊறவேண்டும். இதற்குள் மட்டும் புளியைக் காட்டிவிடாதீர்கள், புளியோடு கொதித்தால் கடற்பாசி இறுகுகிற சக்தியை இழந்துவிடும். வடித்த பாலைத் திரும்பச் சூடாக்கி இதில் ஊற்றி, அப்படியே ரின்பாலையும் விட்டுக் கலக்கி இறக்குங்கள். ஆவி அடங்கியதும் தயிரை ஒவ்வொரு கரண்டியாகப் போட்டு அடியுங்கள். அதன் பிறகு உப்பு, தேசித்தோல், எல்லாவற்றுக்கும் கடைசியில் புளி. புளி விட்டதும் கை பாரமாவது தெரியும், அங்கே நிறுத்துங்கள். உடனே கிளாஸ்களில் ஊற்ற வேண்டும், போன் வந்தது என்று போனால் சட்டிக்குள்ளேயே இறுகிவிடும். அலுமினியச் சட்டியில் இதைச் செய்யாதீர்கள், புளி பட்டு ஒரு உலோக வாடை வரும். ஊற்றுவதற்கு முதல் ஒரு கரண்டி வாயில் வைத்துப் பாருங்கள், இனிப்பும் புளிப்பும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் சரி, குளிர்ந்த பிறகு நாக்குக்கு எல்லாம் ஒரு படி குறைவாகத்தான் தெரியும். பிரிஜில் நாலு மணித்தியாலம்.

கடற்பாசி இல்லாமலும் வரும், ரின்பாலும் தயிரும் புளியும் போதும், ஆனால் அது கரண்டியில் வழிகிற பதத்தில்தான் நிற்கும். எனக்கு அந்தப் பதம்தான் கூடப் பிடிக்கும் என்றாலும் விருந்தாளிகள் வந்தால் கடற்பாசி போடுகிறேன், காரணம் எங்கள் வெயில். ஜெலற்றின் 35 பாகைக்குள் உருகுகிற சாமான். மேசையில் வைத்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டு இருத்துவதற்குள் அது அசையத் தொடங்கும். கடற்பாசி சாதாரண சூட்டிலேயே இறுகும், இறுகினது திரும்ப உருக 85 பாகை வேண்டும். 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நாட்களில், தம்பியின் பிறந்தநாளுக்குச் செய்து வைத்தது மூன்று மணித்தியாலம் பிரிஜ் ஓடாமல் கிடந்தும் குலையாமல் நின்றது. குளிர்தான் போதவில்லை, கிணற்றுத் தண்ணீர் வாளிக்குள் கிளாஸ்களை இறக்கி வைத்துச் சமாளித்தோம். அந்த நேரம் பால்மாவுக்கும் வரிசை, ரின்பால் ஒன்று கிடைத்ததே பெரிய விஷயம், அதைப் புடிங்குக்கு உடைத்ததற்கு அப்பாவிடம் வாங்கிக் கட்டினதை விடுவோம்.

மேலே என்ன ஊற்றுவது? பனங்கட்டிப் பாகு. ஒரு குட்டான் (சின்ன ஓலைப்பெட்டி) பனங்கட்டியை அரைப் பேணித் தண்ணீரில் கரைத்து வடித்து (மண் கிடக்கும், கட்டாயம் வடியுங்கள்), ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டு, விரலில் ஒட்டும் வரை காய்ச்சி ஆறவிட்டு, சாப்பிடும் நேரம் ஒரு கரண்டி. புளிப்பும் வெள்ளையுமான அதற்கு மேல் அந்தக் கருகின இனிப்பு விழும்போதுதான் இது கனடாப் புடிங் இல்லை, எங்கள் வீட்டுப் புடிங் என்று தெரிகிறது. வறுத்த கஜு வேண்டுமென்றால் போடுங்கள். பிளம்ஸ் (உலர்ந்த முந்திரிகை) வேண்டாம், என் சொந்த வெறுப்பு, காரணம் கேட்காதீர்கள்.

கடைசியாக, தேங்காய்ப்பாலில் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். செய்யலாம், ஆனால் வேறு கணக்கு. தேங்காய்ப்பாலில் கேசீன் இல்லை, புளி விட்டால் அது தடிக்காது, பிரியத்தான் பார்க்கும். அதனால் இறுக்குகிற வேலை முழுவதையும் கடற்பாசியிடம்தான் கொடுக்க வேண்டும், அரை லீற்றர் முதற்பாலுக்கு ஒரு தேக்கரண்டி. இனிப்புக்கும் ரின்பால் இல்லாமல் பனங்கட்டியையே கரைத்துவிட்டால், பால் சாப்பிடாத ஆட்களுக்கும் கொடுக்கலாம். புளியைப் பாதியாகக் குறைத்து, தோலைக் கூட்டிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு இப்போது இதுதான் விருப்பம். ஆனால் சாப்பிடும்போதெல்லாம், கொஞ்சம் மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்டிருந்தால் இடியப்பத்துக்கு விட்டுச் சாப்பிட்டிருக்கலாம் என்று சொல்லாமல் விடமாட்டார்.